இன்னும் தண்ணீர் விடவில்லை

தம்பி,

உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துப் பிரித்து, உள்ளே என் எழுத்தைக் கண்டதும் திகைத்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். விலாசத்தை அப்பாவைக் கொண்டு எழுதுவித்தது நான்தான். சின்னம்மாவின் கையெழுத்தில் இவ்வளவு தடித்த உறை வந்தால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவீர்கள் என நினைத்தேன். அப்பா சுகமாக இருக்கிறார். இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. இந்த நிமிடம் வாசலில் கதிரையைப் போட்டு, காதுவரை மூடும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, "என்ன, புத்தகமே எழுதுறீர்?" என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார். இதுவரை அவருடைய கடிதங்களின் அடியில் 'சின்னம்மாவும் சுகம் விசாரித்தாள்' என்ற ஒற்றை வரியாகத்தான் நான் உங்களிடம் வந்திருக்கிறேன். அந்த வரியைக்கூட அவரேதான் எழுதுவார்.

உங்களைவிட ஆறேழு வயது மட்டுமே மூத்த ஒருத்தி உங்கள் வீட்டுக்குள் தாயென்று வந்து நின்றது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுத்த குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவள் என்று என்னை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்று பூமிசாத்திரம் படிப்பித்துவிடுவேன். உங்கள் முன்னால் சோற்றை வைத்துவிட்டு "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்க மட்டும் வாய் வராது. நீங்களும் "காணும்" என்று ஒரு சொல்லோடு எழும்பிவிடுவீர்கள். இரண்டு கூச்சக்காரர் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் கதவுகளின் சத்தம்தான் அதிகம் கேட்கும். ஆனால் இன்று எனக்குச் சொல்ல ஒரு பெரிய சந்தோஷம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு நித்திரை வராது. பேச வராததை எழுதிவிடுகிறேன்.

இதை உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வாசித்திருப்பார். சண்டைக்காலம் என்பதால் திருகோணமலைக்குப் போகும் கடிதங்களை இப்போது உடைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்று அப்பா சொல்கிறார். ஆகையால் ஊரறிய எழுதும் கடிதம் போலவே இதை எழுதுகிறேன். வாசிக்கும் அந்த ஐயாவுக்கும் என் வணக்கம். கீழே துறைமுகம் என்ற சொல் பல தடவை வரும். பயப்பட வேண்டாம், ஐயா. அது எங்கள் வீட்டின் பின்பக்கம், கோடிப்புறத்தில் இருக்கும் துறைமுகம். அதில் கப்பல் இல்லை. தண்ணீர்கூட இன்னும் இல்லை.

தம்பி, நீங்கள் அப்பாவுக்கு எழுதியதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். மலை வீட்டையும் அதைச் சுற்றிய வளவையும் விற்கப் போவதாகவும், பங்குனியில் நொத்தாரிசிடம் விற்பனை உறுதி எழுதி முடித்துவிட்டு, உங்கள் சிநேகிதனோடு சேர்ந்து ஒரு லொறி வாங்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வீடு உங்களுடையது. உங்கள் அம்மப்பா உங்கள் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அம்மாவுக்குப் பிறகு உங்களுக்கு வந்தது. அப்பாவே அதில் விருந்தாளி. அப்பாவின் விருந்தாளி நான். ஆகவே விற்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதை விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இதுவல்ல.

திருகோணமலையில் குண்டு விழுந்த அந்தச் சித்திரை மாதம் நாம் உப்புவெளியிலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டது நினைவிருக்கும். கந்தளாய்க் குளக்கட்டில் மரநிழலில் வண்டியை அவிழ்த்துவிட்டு, இனி எங்கே போவது என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள், கோழிக்கூடும் தையல் மெசினும் தலையணையுமாக. நெஞ்சுச் சளிக்குக் குளிர்ந்த இடம் நல்லது என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். "மலை வீடு சும்மா பூட்டிக் கிடக்குத்தானே" என்றார் அப்பா. நீங்கள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னீர்கள்: "அங்க என்ன இருக்கு? வெறும் பத்தை. அம்மா சொன்னதெல்லாம் கதை." உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. நீங்கள் எங்களைப் பண்டாரவளை ரயிலில் ஏற்றிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்பிப் போனீர்கள்.

பத்தை என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. வெலிமடை வீதியிலிருந்து வளவுக்குள் இறங்கும் படிகளையே நாங்கள் காணவில்லை. கத்தியால் வெட்டி வெட்டித்தான் வாசலுக்குப் போனோம். உண்ணிச்செடி, முள்ளு, ஆளுயரப் பன்னம், அவற்றின் மேல் ஏறிப் படர்ந்த பெயர் தெரியாத கொடிகள். வீட்டின் கூரையில் ஒரு செடி பூத்திருந்தது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. கடற்கரையில் பிறந்த எனக்குக் குளிர் என்றால் மார்கழிக் காற்றுத்தான். இங்கே வைகாசியில் என் கைகள் நீலமாகிவிட்டன. முதல் இரவு அப்பா இரண்டு கோட்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "சண்டை முடியட்டும், ஓடிப்போவம்" என்றார்.

அடுத்த நாள் காலையில் பனிமூட்டம் கலைந்தபோது, அந்தப் பத்தைக்குள் ஓரிடத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முள்ளுக்குள் கையை விட்டுக் கிழித்துக்கொண்டு பார்த்தேன். ரோஜா. யாரும் தண்ணீர் விடாமல், யாரும் பார்க்காமல், தன் பாட்டில் பூத்துக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, சொந்த ஊரும் இல்லை, கைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் மீனாட்சி ஞாயிறுகளில் வந்து உதவ ஒத்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு. "இம்புட்டுப் படிச்சிட்டு மம்பட்டியை இப்பிடியா புடிப்பாங்க?" என்று சிரிப்பாள். "நீ கரைவலை இழு, நான் பார்க்கிறன்" என்று ஒரு நாள் நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டேன். அப்பா வாசலிலிருந்து கைதட்டினார். நான் பதில் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

வெட்ட வெட்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கீழ்ப்படிகள், படியோரத்தில் நீலப்பூக் கொத்துச் செடிகள், பாசி பிடித்த ஒரு பேர்ஸ் பழமரம். அவசரத்தில் நான் பிழையும் விட்டேன். காய்ந்த குச்சி என்று நினைத்து ஒரு வரிசையை அடியோடு பிடுங்கி எரித்துவிட்டேன். இங்கே சில மரங்கள் சில மாதம் இலை கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் கரையில் இலை இல்லாத மரம் செத்த மரம். அதற்குப் பிறகு, தெரியாத செடி எதையும் ஒரு மழைக்கும் ஒரு வெயிலுக்கும் விட்டுப் பார்த்த பிறகே கத்தி வைக்கிறேன். நீங்கள் லொறி வாங்கி ஆட்களை வேலைக்கு வைக்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமையில் வாடித் தெரிபவனை உடனே நிற்பாட்டிவிடாதீர்கள்.

அடுத்த பிழைதான் எல்லாவற்றையும் மாற்றியது. இதைக் கேட்டுச் சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டித் துப்புரவாக்கிய ரோஜாக்கள் தளிர்விட மறுத்தன. எங்கள் ஊரில் தென்னையோ முருங்கையோ எது நட்டாலும் அடியில் மீன் தலையும் குடலும் புதைக்காமல் விடமாட்டார்கள் அல்லவா? நான் சல்லிக்கு அண்ணனுக்கு எழுதினேன். அவர் தங்கச்சி கேட்டுவிட்டாள் என்று, ஒரு பெரிய சாக்கு நிறையக் கருவாட்டுக் கழிவை ரயிலில் போட்டுவிட்டார். அது எத்தனை ஸ்டேசனில் எத்தனை நாள் கிடந்ததோ! இங்கே வந்தபோது ஸ்டேசனில் இருந்து ஆள் ஓடிவந்தான். அப்பா போய் எடுத்து வந்தார். திரும்பி வந்தவர் முகத்தில் கைலேஞ்சியைக் கட்டியிருந்தார்.

"ஸ்டேசன் மாஸ்டர் என்ன கேட்டவர் தெரியுமோ? பிரேதத்துக்குச் சொந்தக்காரர் நீங்களோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம், தூரத்துச் சொந்தம், என்ர மனுசியின்ர பக்கம் எண்டு சொன்னனான்."

மூக்கைப் பொத்திக்கொண்டு ரோஜாக்களின் அடியில் புதைத்தேன். பாதிக்கு மேல் மிஞ்சியது. வீட்டருகே வைக்க அப்பா சம்மதிக்கவில்லை. வளவின் கீழ்ப்புறத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. உண்ணிச்செடியும் முள்ளும் அடர்ந்து, கத்தியே நுழைய முடியாத இடம். அட்டையும் பாம்பும் இருக்கும் என்று மீனாட்சியே அதற்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வருங்காலத்தில் அங்கே முட்டைக்கோவா நடலாம் என்ற எண்ணத்தில், மிச்சக் கழிவை அந்தப் பள்ளத்தின் விளிம்பு நெடுக, கைக்கு எட்டிய தூரமெல்லாம் கொட்டி மண்ணால் மூடினேன்.

மறுநாள் காலையில் மீனாட்சி வாசலில் நின்று கூப்பிட்ட குரலில் நாங்கள் இருவரும் போர்வையோடு வெளியே ஓடினோம்.

"அம்மா, பன்னிங்களுக்கு விருந்து வச்சீங்களா? குடும்பத்தோட வந்து சாப்பிட்டுப் போயிருக்குங்க!"

மலைக்காட்டில் பன்றி உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? சல்லிக் கரையில் மீனைத் தேடி வருவது காகமும் நாயும்தான். ரோஜாப் பாத்தியில் ஒரு செடிகூட நேராக நிற்கவில்லை. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன், தம்பி. அத்தனை மாத வேலை. மீனாட்சி என் தோளைத் தட்டிக்கொண்டே, "வேரு போவலம்மா, தூக்கி நட்டுடலாம்" என்றாள். அப்பாவோ கீழே இறங்கிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்ச வாரும்" என்றார். "கந்தோர் மேசையில காலம் முழுக்க இருந்தனான். சம்பளம் வாங்காமல் இப்படி வேலை செய்த ஒருத்தரையும் நான் கண்டதில்லை."

பள்ளத்தின் விளிம்பு முழுவதும் உழுது போட்டது போல் இருந்தது. உண்ணிச்செடிகள் வேரோடு புரண்டு கிடந்தன. நாங்கள் ஒரு வருடம் முயன்றாலும் முடியாத வேலை. புரண்ட மண்ணுக்குள்ளே, சரிவாகப் பதித்த கருங்கற்கள் வரிசையாகத் தெரிந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து. யாரோ ஒரு மனிதர் நிதானமாக, கைப்பட வைத்த கற்கள். என் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. உடுத்திருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் கல்வரிசையைப் பின்தொடர்ந்து போனதுதான் என் வாழ்க்கையில் நான் படித்த நல்ல படிப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தோம். அது நேராகப் போகவில்லை. வளைந்து உள்ளே போகும், குறுகும், மறுபடி அகலும், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வரும். நடுவில் அங்கங்கே தனித்தனிக் கல்மேடுகள். விளிம்பில் சில இடங்களில் மட்டும் வெள்ளைக் கற்கள் பதித்திருந்தன. "மாடு குளிப்பாட்டின தொட்டியாக்கும்" என்றார் அப்பா. "இந்த வளைவுக்குள்ள மாட்டை எப்படித் திருப்புறது?" என்றேன் நான். உங்கள் அம்மப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தவர். ஒழுங்கானவர், அளந்து மருந்து கொடுப்பவர் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிக் கோணல்மாணலாக ஒன்றைக் கட்டினார் என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், தண்ணீர் எங்கிருந்து இதற்குள் வந்திருக்கும் என்று பார்க்க நான் மேட்டுக்கு ஏறினேன். மலையிலிருந்து இறங்கும் ஓடையைக் கண்டேன். ஓடையிலிருந்து பிரியும் பழைய வாய்க்கால், அதன் தலையில் பலகை செருகுவதற்கு வெட்டிய காடியோடு ஒரு கல். சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிடத் திரும்பினேன். பனிமூட்டம் அப்போதுதான் மேலே எழும்பியது. பள்ளம் முழுவதும் ஒரே பார்வையில் எனக்குக் கீழே கிடந்தது.

முதலில் அறிந்தது என் கண் இல்லை, என் வலது கை. அது தானாக எழும்பிக் காற்றில் கோடு போட்டது. ஊரில் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புக்கு அந்தக் கோட்டைச் சோக்கால் போட்டிருக்கிறேன்! சண்டை தொடங்கிய பிறகு ஒரு நாள், சீருடை போட்ட ஒருவர் வகுப்புக்குள் வந்து, அதை அழித்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். நான் அழித்தேன். அழித்த அந்தக் கோடுதான் மலை நடுவில் கருங்கல்லில் கிடந்தது. எங்கள் திருகோணமலைத் துறைமுகம், தம்பி! தீவுகளோடு, முனைகளோடு, பக்கத்துக் குடாவோடு. எது எங்கே என்று எழுதமாட்டேன், ஐயா கோபித்துக்கொள்வார். ஆனால் அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் ஒரு விநாடி போதும், அறிந்துவிடுவார்கள்.

நான் கத்தினேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. பாம்பு கடித்துவிட்டது என்று மீனாட்சி கத்தியோடு ஓடிவந்தாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று நான் கையை நீட்ட, அவர் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சொன்னவள்" என்றார்.

"ஆர்?"

"தம்பியின்ர அம்மா. கலியாணம் கட்டின புதுசில சொன்னவள். எங்கட வீட்டில ஒரு கடல் இருக்கு, அப்பா எனக்காகக் கட்டித் தந்தவர், நான் அதில கப்பல் விட்டு விளையாடினனான் எண்டு. மலையில என்ன கடல் எண்டு நான் சிரிச்சனான். பிறகு எனக்கு அவள் சொல்லவே இல்லை. பிள்ளைக்குத்தான் சொன்னவள்."

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து அவர் மற்றதையும் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு நாளும் உங்களைத் தூங்கவைக்கும்போது அம்மா மலைத் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னதையும், நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னதையும், பையன்கள் உங்களுக்கு 'மலைக்கப்பல்' என்று பெயர் வைத்து வீதியெல்லாம் கூவியதையும். அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டுவதற்காக அப்பா உங்களை இங்கே கூட்டிவந்தபோது, நீங்கள் ரயிலிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய் இந்தப் பத்தைக்குள் புகுந்ததையும். கால் முழுக்க அட்டையும் முகம் முழுக்க முள்ளுக் கீறலுமாக வெளியே வந்தீர்களாம். திரும்பிப் போகும்போது ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்களாம்: "அம்மா பொய் சொன்னவ."

அன்று நீங்கள் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று காட்டச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். தோளைப் பிடித்து வெளியே இழுத்த இடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கீழே இறங்கி வந்து காட்டினார். தம்பி, நீங்கள் அதன் நடுவில்தான் நின்றிருக்கிறீர்கள். அம்மப்பா செத்து, வாய்க்கால் அடைபட்டு, மண் நிரம்பி, அதன் மேல் பத்தை வளர்ந்துவிட்டது. உங்கள் காலுக்குக் கீழே இரண்டு முழத்தில் அந்தத் துறைமுகம் இருந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூட.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்தால் எங்களுக்கு மூளை குழம்பிவிட்டது என்பீர்கள். அப்பா இருமலை மறந்து சுண்ணாம்பு குழைக்கிறார். உடைந்த இடங்களை எல்லாம் கட்டியாயிற்று. வெள்ளைக் கற்கள் ஊர்களுக்கான அடையாளம் என்று கண்டுபிடித்தோம். வடகரையில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. அது பெரிய சண்டையாகிவிட்டது.

"இது உப்புவெளி. மாமா எங்கட பகுதியைத்தான் முதல் வைப்பார்" என்கிறார் அப்பா, மாமனாரை நன்றாக அறிந்தவர் போல.

"தூரத்தைப் பாருங்கோ. இது சல்லி. அம்மன் கோயில் இருக்கிற இடம்" என்கிறேன் நான்.

"உம்மட ஊருக்கு அவர் ஏன் கல்லு வைக்கிறார்?"

"மீன் வாங்க வந்திருப்பார்!"

மீனாட்சிக்கு இரண்டு ஊரும் தெரியாது. ஆனாலும் அவள் என் கட்சி. என்னைக் கண்டிராத ஒரு மனிதர், நான் பிறக்கும் முன்பே, தன் மகளின் விளையாட்டுக்கடலின் கரையில் என் ஊருக்கும் ஒரு கல் வைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது, இந்த வீட்டில் எனக்கு முதன்முறையாகக் காலூன்றி நிற்கத் தோன்றுகிறது. கல் உப்புவெளிதான் என்று முடிவானாலும் பரவாயில்லை. சண்டை போடும் உரிமை கிடைத்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பூமிசாத்திரம் படித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மேட்டு வாய்க்கால் வந்து சேரும் இடம் எது தெரியுமா? மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் விழும் அதே இடம். இது எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருப்பதுதான், ஐயா. அம்மப்பா சும்மா அங்கே வாய்க்காலைக் கொண்டுவரவில்லை. இந்த ஓடை இங்கிருந்து இறங்கி வேறொரு ஆற்றில் சேருகிறது. அந்த ஆறு மகாவலியில் சேருகிறது. எங்கள் கோடிப்புறத்தில் கால் நனைக்கும் தண்ணீர் கடைசியில் உங்கள் ஊர்க் கடலுக்குத்தான் வருகிறது. அந்தக் கிழவர் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். குளிருக்குள், ஊரை விட்டு அத்தனை தூரத்தில், தன் பிள்ளைக்குத் தன் கரையைக் காட்ட வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

ரோஜாக்கள் பிழைத்துவிட்டன. மீனாட்சி சொன்னபடி தூக்கி நட்டோம். இப்போது பன்றி தொடாத வேலியும் போட்டிருக்கிறோம். மீன் உரம் அவற்றுக்குப் பிடித்ததோ, பன்றி கிளறியது பிடித்ததோ, தை பிறந்ததும் தளிர் தள்ளிக்கொண்டு வருகின்றன.

வாங்க இருப்பவரும் போன கிழமை வந்து பார்த்தார். படை முகாமுக்கு மரக்கறி கொடுக்கும் குத்தகைக்காரர். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வளவைச் சுற்றி வந்து, "இந்தக் குழியை நிரப்பிவிட்டால் முழுதும் உருளைக்கிழங்குக்கு நல்ல நிலம்" என்றார். அதில் அவர் பிழை ஒன்றும் இல்லை. சண்டைக்காலத்தில் சனத்துக்குச் சாப்பாடு வேண்டும். அவருக்கு அது குழிதான். வழக்கம்போல் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்றபடிதான் உங்களுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

லொறியைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்ல மாட்டேன். உழைக்க நினைக்கும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. சிநேகிதனோடு கூட்டுச் சேருமுன், அவன் கோபம் வரும்போது எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்பா குயினைனை மறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். இரவில் சைரன் கேட்டால் சோம்பல்படாமல் பதுங்கு குழிக்குள் இறங்க வேண்டும் என்றும் சொல்லச் சொன்னார். இதை எழுதும்போது என் பின்னால் நின்று வாசிக்கிறார். இனி எழுதப்போவதை வாசிக்க வேண்டாம் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டேன். 'கேளாதேயும், அவன்ர விருப்பம்' என்று எனக்குத் தடை போட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து எழுதினேன்.

தம்பி, நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். நொத்தாரிசிடம் போவதற்கு முன், லீவு எடுத்துக்கொண்டு ஒரு தடவை இங்கே வாருங்கள். எழுதி முடிக்க வேண்டிய கடதாசிகளைக் கையோடு கொண்டு வந்தாலும் சரி, நான் பேனாவை ஒளித்து வைக்கமாட்டேன். துறைமுகம் முழுதும் கட்டி முடிந்துவிட்டது. வாய்க்காலைத் துப்புரவாக்கியாயிற்று. அதன் தலையில் நாங்கள் செருகிய பலகைக்குப் பின்னால் தண்ணீர் வந்து முட்டிக்கொண்டு, பக்கத்தால் வழிந்து ஓடுகிறது. ஒவ்வொரு காலையும் அப்பா அங்கே போய் நின்று பார்ப்பார், நானும் பார்ப்பேன், இருவரும் தொடாமல் திரும்பி வருவோம். அது கனமான பலகை இல்லை. ஒற்றைக் கையால் எடுக்கலாம். ஆனால் உங்கள் அம்மா அந்தக் கடலைச் சொன்னது எங்களிடம் இல்லை, உங்களிடம். வந்து, உங்கள் கையால் அதைத் தூக்கி, தண்ணீரை உள்ளே விடுங்கள்.